டீசலைக் காணாத கண்

அத்தியாயம் 6

அன்று வெள்ளிக்கிழமை. குரு தன்னிடம் இருந்ததிலேயே நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தான். முதல் நாள் சாயந்தரமே சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை அலசி, காலையில் காலரிலிருந்து கைநுனி வரை மடிப்புக் கலையாமல் தேய்த்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் இருந்த துப்பறியும் ஆபீசுக்குள் அவன் நுழைந்தபோது, அமுதவள்ளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன குரு, பொண்ணு பாக்கப் போறோமா?"

"பொண்டாட்டிய பாக்கப் போறோம்க்கா. அது அதைவிடக் கஷ்டம்."

அமுதவள்ளி சிரிக்கவில்லை. கிள்ளான் துறைமுகச் சுங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். லோரிக்காரன் ஃபாரத்தை நீட்டுகிற தினுசை வைத்தே கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அதே துறைமுகத்துக்கு கேஸ் சிலிண்டர் லோரி ஓட்டிக்கொண்டிருந்த குருவை, அவன் வாய்க்காகத்தான் உதவிக்கு வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அந்த வாய் எந்த வீட்டுக் கதவையும் திறக்க வைக்கும்.

அவன் மனைவி தாமரை, சுங்கை வேயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷமாக டெக்னீஷியன். மூன்று மாதமாக அங்கே ஒரு சென்சாரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரில் டீசலோ எஞ்சின் எண்ணெயோ துளி கலந்தாலும் கண்டுபிடித்துச் சொல்கிற கருவி. கிள்ளான்காரன் அஸ்வின், பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து செய்தது. எவனோ மேலே ஆற்றில் எண்ணெயைக் கொட்டிவிட, கீழே வீட்டுக் குழாயெல்லாம் வறண்டு, ஜனங்கள் வாளியோடு தண்ணி லோரிக்குப் பின்னால் ஓடிய நாட்கள் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் ஒரு தண்ணீர் நிறுவனம் இந்தச் சென்சாரை ஆற்றோரம் பொருத்தத் தயாராக இருந்தது. அவர்களுடைய ஆட்கள் கடைசிச் சோதனையைப் பார்க்க இன்று நாலு மணிக்கு வருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், சென்சார் காலையில் டீசலைச் சரியாகச் சொல்லும். சில நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அதே அளவு டீசலை வைத்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லும். ஒரு மாதத்தில் மூன்று முறை இப்படி. கருவி கோளாறா, டீசலை அளந்து விடுகிற தாமரையின் கை கோளாறா என்று பேச்சு வந்தது. கூடத்தின் தலைவர் டாக்டர் கமலநாதன் கையைத்தான் சந்தேகித்தார். இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது என்று அவளுக்குக் கடிதமே கொடுத்துவிட்டார். யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள், விசாரிக்கலாம் என்று அஸ்வின் சொன்னான். என் வீட்டுக்காரருடைய மேடம் துப்பறிகிறவர்தான் என்று தாமரை சொன்னாள். வழக்கு அமுதவள்ளியின் மேசைக்கு வந்துவிட்டது.

இதில் குருவுக்குப் பிடிக்காத பகுதி, 'அஸ்வின் சொன்னான்' என்பதுதான். மூன்று மாதமாக அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வார்த்தை தினமும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அஸ்வின் இதைச் சொன்னார், அஸ்வின் அதைக் கண்டுபிடித்தார். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தாமரை முகத்துக்குப் பவுடர் போடுவதை நிறுத்தினாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். குளிக்கும்போது பூசுகிற மஞ்சளை விட்டாள். பிறந்தநாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்த கைக் கிரீம் பிரிக்காமலேயே அலமாரியில் கிடந்தது. மற்றவர் மனைவிகளைப் பற்றி அறிக்கை எழுதி எழுதிப் பழகிய குருவுக்கு, ஒரு பெண்ணின் பழக்கம் திடீரென்று மாறினால் அதற்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதில் நிறைய ஜோக் அடித்தான்.

கிளம்பும்போது அமுதவள்ளி கீழே கடையில் நின்று, கடைக்காரர் லட்சுமணனிடம் கள்ள நோட்டைப் பார்க்கிற ஊதா விளக்கை இரவல் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று குரு கேட்டான். அந்தச் சென்சாரும் இப்படிப்பட்ட ஒரு ஒளியை வைத்துத்தான் வேலை செய்கிறதாம், அவர்கள் விளக்கில் பார்ப்பதைத் தன் விளக்கிலும் பார்த்துவிடலாம் என்றார்.

ஃபெடரல் ஹைவேயில் கார் நகரவில்லை. குரு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே தன் முடிவைச் சொன்னான். கருவி சொத்தை. அந்த ஆளுக்குச் செய்யத் தெரியவில்லை. பழியைத் தாமரை தலையில் போடுகிறான்.

"அந்த ஆளுக்குப் பேரு இருக்குல்ல?"

"பேரு வீட்லயே நெறைய கேட்டாச்சுக்கா."

அமுதவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுங்கை வே வந்து மூன்று மாடி ஏறினார்கள்.

சினிமாக் கதாநாயகன் மாதிரி ஒருத்தனைக் குரு எதிர்பார்த்திருந்தான். அஸ்வின் குள்ளமாக, முன்னந்தலை வழுக்கையாக, தன் கம்பெனிப் பெயர் போட்ட நீல டி-ஷர்ட்டில் நின்றான். அது குருவின் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது. ஆள் அழகாக இருந்தால் காரணமாவது விளங்கியிருக்கும்.

அறையின் நடுவே மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி. வெளிச்சம் புகாமல் இருக்க அதைச் சுற்றி, நாலைந்து பேர் நிற்கிற இடம் விட்டு, கறுப்புத் துணித் திரை. சென்சார் ஒரு டார்ச் லைட் அளவில் இருந்தது. அதன் நுனியில் ஒரு காசு அகலத்துக்கு வட்டக் கண்ணாடி. அஸ்வின் அதைக் கண் என்றான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அந்தக் கண் தண்ணீருக்குள் விடும், அந்த ஒளி பட்டால் எண்ணெய் மட்டும் மங்கலாக மினுங்கும், அந்த மினுக்கத்தை அளந்து எவ்வளவு எண்ணெய் என்று கருவி சொல்லிவிடும் என்று விளக்கினான்.

அமுதவள்ளி கேட்டுக்கொண்டிருந்தார். குரு கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாமரை திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாள். அஸ்வின் அதில் துளி அளக்கிற பிப்பெட்டை வைத்தான். அவள் டீசலை அளந்து விட்டாள். அவன் தொட்டியைக் கலக்கும் மோட்டாரைத் தட்டினான். ஒரு வார்த்தை இல்லை. ஆறு வருஷக் கல்யாணத்தில் தாமரை உப்பு கேட்டால், குரு இரண்டு டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் கொடுப்பான்.

கம்ப்யூட்டர் திரையில் 2.0 என்று வந்தது. பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு டீசல். அவள் விட்டதும் அதேதான்.

சோதனை தோற்ற நாட்களில் அடுத்து என்ன செய்வீர்கள் என்று அமுதவள்ளி கேட்டார். விதிப்படி உடனே கண்ணைக் கரைப்பான் ஊற்றிக் கழுவிவிடுவேன், மறுநாள் காலை சரியாகிவிடும் என்றாள் தாமரை.

"அப்ப மூணு தடவையும் சாட்சியக் கழுவி ஊத்திட்டீங்க," என்றார் அமுதவள்ளி. "இன்னிக்கு என்ன ஆனாலும் கழுவாதீங்க. மத்ததெல்லாம் தினம் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க."

ஒன்றரை மணிக்கு ஒரு முன்னோட்டச் சோதனை என்று முடிவானது. டாக்டர் கமலநாதன் பங்சாரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், மூன்றரைக்குத்தான் வருவார். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் வேலை குருவுக்கு வந்தது.

பெருக்கித் துடைக்கிற இராஜம்மா பத்து நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு வாளியோடு போனார். குரு எழுதிக்கொண்டான். சோப்புத் தண்ணீர் என்று அடிக்கோடும் போட்டான். பிறகு கையில் டிஃபன் கேரியரோடு ஒரு பெண் படியேறி வந்தாள். நல்ல உயரம். தோள் அகலம். முடி ஈரமாக இருந்தது. உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில், சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு அஸ்வினோடு வெளியே வந்தாள். பின்னாலேயே தாமரையும் கையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். அஸ்வின் கேரியரோடு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, போனில் பேசத் தொடங்கிவிட்டான். அந்தப் பெண் திரும்பி வந்து, குருவுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

அவள் ரமணி. அஸ்வினின் மனைவி. கம்பெனியில் பாதி அவள் பெயரில்தான். கிள்ளானில் ஒரு கிளப் நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். வாரத்தில் ஒரு நாள், காலை வகுப்பு முடிந்ததும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாயந்தர வகுப்புக்குத் திரும்பிவிடுவாள். அவள் உட்கார்ந்ததும் குளோரின் வாசனையும் கூடவே தேங்காய் வாசனையும் வந்தது. சாதத்தில் தேங்காய்ப்பால் ஊற்றியிருப்பாள் என்று குரு நினைத்துக்கொண்டான். அவள் பெயரை அவன் எழுதவில்லை. இந்தச் சென்சார் தேற வேண்டும் என்று நினைப்பவர்களில் முதல் ஆள் அவள்தானே.

தாமரையின் வீட்டுக்காரர் நீங்களா என்று ரமணி கேட்டாள். ஆமாம் என்றான். அவள் கொஞ்ச நேரம் டிஃபன் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினாள். வேலையை விட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்பு ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். இப்போது ஒன்பதாகிறது. சனிக்கிழமை மகளைப் பள்ளி விழாவுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டால், தாமரையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். டிவி பார்த்துச் சிரிக்கும்போதுகூட, தாமரை பார்த்தால் இதற்குச் சிரிப்பாள் என்கிறார்.

குரு இதற்கு ஒரு ஜோக் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வாயிலிருந்து வந்தது வேறு. பவுடரைச் சொன்னான். எண்ணெயைச் சொன்னான். மஞ்சளைச் சொன்னான். பிரிக்காத கிரீம் டப்பாவைக்கூடச் சொன்னான். பெற்ற அம்மாவிடம் சொல்லாததை, பத்து நிமிஷப் பழக்கத்தில் ஒருத்தியிடம் சொல்லிவிட்டான்.

ரமணி அவன் கையை, சட்டைக்கு மேலாக, முழங்கைக்குக் கீழே பிடித்தாள்.

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வலிதான் அண்ணே."

குருவுக்குக் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் முதல் முறையாக, தான் பைத்தியம் இல்லை என்று தோன்றியது.

ஒன்றரைக்குத் தாமரை அதே தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, அதே டீசலை அளந்து விட்டாள். சென்சாரை இறக்கினார்கள். கம்ப்யூட்டர் திரையில் 0.1 என்று வந்தது. அவள் மோட்டாரைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், பிறகு தன் கையையே பார்த்தாள். அந்தப் பார்வையை குருவால் தாங்க முடியவில்லை. அவள் கை பழக்கத்தில் கரைப்பான் புட்டிக்குப் போனது. அமுதவள்ளி அதன் மேல் தன் கையை வைத்தார்.

"இப்பத்தானே ஆரம்பிக்குது. எனக்கு ஒரு வெள்ளத் தாளு குடுங்க. பிரிண்டர்ல போடுறது போதும்."

சென்சாரை வெளியே எடுத்து, ஈரத்தை உதறி, அதன் கண்ணைத் தாளின் மேல் முத்திரை குத்துவதுபோல் அழுத்தினார். தாளில் ஒன்றும் தெரியவில்லை. மூவரையும் திரைக்குள் நிற்கவைத்து, வெளிச்சத்தை மறைத்து, லட்சுமணனின் ஊதா விளக்கைப் போட்டார். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கிற மருந்தால், தாள் முழுக்க நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. நடுவில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு, கறுப்பாக ஒரு திட்டு.

எண்ணெய் என்றால் மினுங்க வேண்டும், இது ஒளியை விழுங்குகிறதே, அப்படி எந்தப் பொருள் இருக்கிறது என்று அமுதவள்ளி கேட்டார். அஸ்வின் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றான். பதில் சொன்னது தாமரைதான்.

"சன்ஸ்க்ரீன். வெயிலுக்குப் பூசுற கிரீம். அதோட வேலையே இந்த ஒளிய விழுங்குறதுதான். தண்ணியில கரையாத மாதிரி ஒரு வகை இருக்கு. விரல்ல இருந்து லேசாப் பட்டாப் போதும், சென்சாருக்குக் கண்ணக் கட்டுன மாதிரி ஆயிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது."

இங்கே யார் அதைப் பூசுகிறார்கள் என்று அமுதவள்ளி கேட்டார். தாமரையின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. இந்த அறையில் யாரும் எதையும் பூசக் கூடாது என்றாள். அது முதல் நாளே போட்ட விதி. முகப் பவுடர் கூடாது, கைக் கிரீம் கூடாது, தலை எண்ணெய் கூடாது. மஞ்சள்கூட இந்த ஒளியில் பச்சையாக மினுங்கும், அதையும் விட்டுவிட்டேன். மூன்று மாதமாகத் தலை வைக்கோலாகக் கிடக்கிறது, வீட்டில் ஒருத்தராவது ஏன் என்று கேட்டதில்லை என்றாள்.

இருட்டில் குருவின் காது சுட்டது. மூன்று மாதமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த அறிக்கை வரி வரியாக அழிந்துகொண்டிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஓரடி முன்னால் வைத்தான்.

அமுதவள்ளி விளக்கோடு அவன் பக்கம் திரும்பினார்.

அதே மருந்து கலந்த சோப்புத்தூளில் இரண்டு முறை அலசிய சட்டை, பிரிண்டர் தாளைத் தோற்கடிக்கிற மாதிரி ஜொலித்தது. இடது கையில், முழங்கைக்குக் கீழே, அந்த வெள்ளையில் பட்டை பட்டையாக நாலு கறுப்புக் கோடுகள். நாலு விரல். நீளமான, மெல்லிய, பெண்ணின் விரல்கள்.

தாமரை அருகே வந்து அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

"அது யாரு கை?" என்று தாமரை கேட்டாள்.

அந்தக் குரலில் இருந்த கசப்பை குரு உடனே அடையாளம் கண்டுகொண்டான். அது இத்தனை நாள் அவன் தொண்டையில் இருந்த சரக்கு.

படியில் நடந்ததை அவன் திக்கித் திக்கிச் சொன்னான். சென்சார்க்காரர் வீட்டு அம்மாதான், ஆறுதலாகக் கையைப் பிடித்தார், அவ்வளவுதான் என்றான். கிரீம் வாசனை எதுவும் வரவில்லை, சாப்பாட்டுத் தேங்காய் வாசனைதான் வந்தது என்றும் சேர்த்துக்கொண்டான்.

"இன்னிக்கு என்ன சாப்பாடு தம்பி?" என்று அமுதவள்ளி அஸ்வினைக் கேட்டார்.

"எலுமிச்சம் சாதம். உருளைக்கிழங்கு." அஸ்வின் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "எனக்குத் தேங்காய் ஆகாது. எங்க வீட்ல தேங்காயே வாங்க மாட்டோம். அவ குளத்துக்குப் பூசுற கிரீம்லதான் அந்த வாசன." பிறகு, யாரும் கேட்காமலேயே, அடங்கிய குரலில் சொன்னான். "மூணு தடவையும் அவ சாப்பாடு கொண்டுவந்த நாளு."

ரமணி சாப்பாட்டு அறைத் தொட்டியில் டிஃபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நால்வரும் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் குழாயை மூடினாள். தாமரையின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். அமுதவள்ளிக்கு ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டி வரவில்லை.

"மொதத் தடவ தெரியாமப் பட்டுச்சு," என்றாள் ரமணி. "இவரு கண்ணு மாதிரி பாத்துக்குற சாமான் எப்படி இருக்குன்னு தொட்டுப் பாத்தேன். அன்னிக்கு டெஸ்ட் தோத்துச்சு. டாக்டர் எல்லார் முன்னாடியும் தாமரையத் திட்டுனாருன்னு இவரு வந்து வருத்தப்பட்டாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அடுத்ததெல்லாம், நீங்க கை கழுவுற நேரம் பாத்து, தெரிஞ்சே வெச்சேன்."

இது நம்ம சென்சார் ரமணி என்று அஸ்வின் சொன்னான்.

"தோத்தா நீங்க பழைய வேலைக்குப் போவீங்க. ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவீங்க. இல்லன்னா அவ போயிருவா. ரெண்டுல எது நடந்தாலும் எனக்குச் சரிதான்னு இருந்துச்சு." அவள் தாமரையை நேராகப் பார்த்தாள். "உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரியாதது எனக்கு மட்டும் இல்ல. உங்க வீட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்க. உங்க பவுடர் டப்பா கணக்குவரைக்கும் என்கிட்ட சொன்னாரு."

எல்லோரும் குருவைப் பார்த்தார்கள். எந்த வீட்டுக் கதவையும் திறக்க வைக்கிற வாய் அன்று மூடியே இருந்தது. தாமரை மறுபடியும் ஒருமுறை அந்தச் சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பரிசோதனைக் கூடத்துக்குள் போய், கரைப்பான் புட்டியை எடுத்துக்கொண்டு சென்சாரின் கண்ணைக் கழுவத் தொடங்கினாள். நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். அவளுக்கு வேலை இருந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அஸ்வின் மனைவியிடம் முனகினான். கேட்டேன், ஒவ்வொரு வாரமும் கேட்டேன், சென்சார் முடியட்டும் பேசலாம் என்று சொன்னீர்கள் என்றாள் ரமணி. டாக்டர் கமலநாதனிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, நான்தானே செய்தேன், நானே சொல்கிறேன் என்று அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தாள். மூன்றரைக்கு அவர் வந்ததும், ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னாள். அவர் முகம் சிவந்து, அவளை இந்தக் கட்டடத்துக்குள் இனிமேல் பார்க்கக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். அஸ்வின் வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு கணம் நின்றான். கடைசிச் சோதனையைத் தாமரையே தனியாக நடத்த முடியுமா என்று கேட்டான். முடியும் என்றாள். அவன் மனைவியின் பின்னால் ஓடினான்.

நாலு மணிக்குத் தண்ணீர் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்து திரைக்குள் நின்றார்கள். தாமரை கையை நீட்டினாள். பிப்பெட்டை எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. அவளே எட்டி எடுத்துக்கொண்டாள். அரை என்று விட்டால் 0.5 வந்தது. இரண்டு என்று விட்டால் 2.0 வந்தது. ஐந்து என்று விட்டால் 4.9 வந்தது. வந்தவர்களில் பெரியவர், இதை அடுத்த மாதமே ஆற்றில் இறக்கிவிடலாம் என்று மலாய் மொழியில் சொன்னார். டாக்டர் கமலநாதன் தாமரையைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை மறந்துவிடு என்றார்.

"வாயால வேணாம் சார். எழுதிக் குடுங்க," என்றாள் அவள். அவர் எழுதிக் கொடுத்தார்.

குருவின் சட்டை சாட்சியாகிவிட்டது. அமுதவள்ளி அதைக் கழற்றச் சொல்லி, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார். மாற்றுத் துணி என்று அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அஸ்வினின் அலமாரியில் இருந்த நீல டி-ஷர்ட். கம்பெனிப் பெயர் நெஞ்சு முழுக்க இருந்தது. வயிற்றில் இறுக்கியது. உனக்கு இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை என்றார் அமுதவள்ளி.

தாமரை பையை மாட்டிக்கொண்டு, நான் கொமுட்டர் ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். குரு கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். அமுதவள்ளி கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நான் என்ன சொல்லணும்?"

"மூணு மாசமாச் சொல்லாதத."

ஸ்டேஷனில் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றான். ரயில் வந்ததும் அவள் நேராகப் பெண்கள் பெட்டியில் ஏறினாள். குருவால் அதற்குள் போக முடியாது. அடுத்த பெட்டியில் ஏறி, இரண்டு பெட்டியும் சேருகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. போனை எடுத்துத் தட்டினான். நேரில் வாய் வராததை விரல் எழுதியது. கேட்காமல் சந்தேகப்பட்டேன், கேட்கப் பயந்தேன், கேட்டு நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன் என்று எழுதி அனுப்பினான். அவள் எடுத்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே பார்த்தாள்.

ஜாலான் டெம்ப்ளர் போனது. பெட்டாலிங் போனது. பந்தாய் டாலாமில் கூட்டம் ஏறியது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் எழுந்து வந்து, அவன் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு ஸ்டேஷன் கடந்த பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தாங்க?"

குருவுக்கு விளங்கச் சற்று நேரமானது. "அஞ்சு செகண்ட் இருக்கும்."

"நாலு வெரலும் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. அஞ்சு செகண்ட்ல அப்படிப் பதியாது. நான் எட்டு வருஷமா லேப்ல இருக்கேன்."

"பத்து," என்று குரு ஒப்புக்கொண்டான்.

தாமரை தலையை ஆட்டிக்கொண்டாள். ரயில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் நுழைந்து கதவு திறந்ததும், இறங்குகிற நெரிசலில் அவனைத் தவறவிட்டுவிடாமல், அந்த நீல டி-ஷர்ட்டின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.